‘மட்டும்’ என்னும் மதிற்சுவர்

பூவிருந்தவல்லியைத் தாண்டிக் காஞ்சியை நோக்கி ஓடும் நெடுஞ்சாலையிலே, இருங்காட்டுக்கோட்டை தொடங்கித் திருப்பெரும்புதூர் வழியாகச் சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம் வரையிலும், சாலையின் இருமருங்கும் நம்மை வரவேற்பவை மரங்களல்ல, பலகைகள். வரவேற்கின்றன என்று சொல்வதுகூடப் பிழை. அவற்றுள் பெரும்பாலானவை நம்மைத் தடுக்கின்றன. ‘ஒன்லி’ என்கிறது ஒரு பலகை. ‘ரெஸ்ட்ரிக்டெட்’ என்கிறது மற்றொன்று. ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று மினுக்குகிறது, மனை விற்போன் நட்ட மூன்றாவது பலகை. ‘ரிசர்வ்டு’ என்பது ஊர்தி நிறுத்துமிடத்தில். எல்லாவற்றிற்கும் மேலே, கோபுரத்தில் நாமம் தீட்டியதுபோல், ஒவ்வொரு நுழைவாயிலின் நெற்றியிலும் ‘பிரைவேட் லிமிடெட்’.

இந்தச் சொற்களை ஏன் எண்ணிக்கொண்டு நின்றோம் என்று கேட்கக்கூடும். பேருந்து நிலையத்துக் கடையொன்றில், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்களுக்கென அச்சிடப்பட்ட ஆங்கிலக் கையேடு ஒன்றைப் புரட்டிப் பார்த்தோம். பெயர் வேண்டா, இத்தகையவை பல உள்ளன, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. அதிலே ‘எல்லையையும் தனியுரிமையையும் குறிக்கும் சொற்கள்’ என்று ஒரு பகுதி. இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொல், நடுவிலே தமிழ், வலப்பக்கத்தில் எதிர்ச்சொல். ஒன்லி என்றால் மட்டும். சோல் என்றாலும் மட்டும். எக்ஸ்க்ளூசிவ் என்றால் தனி, மட்டும். லிமிடெட் என்றால் வரையறுக்கப்பட்ட. ரிசர்வ்டு என்றால் ஒதுக்கப்பட்ட. எதிர்ச்சொற்களின் வரிசையோ இன்னும் எளிது: பொது, பொது, உள்ளடக்கிய, வரையறையற்ற, பொது. முடிந்தது பாடம்! ஐந்தாறு சொற்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார் ஆசிரியர். வாங்கிச் செல்லும் பிள்ளை அந்தச் சாக்கைச் சுமந்துகொண்டு அந்த வாயிலுக்கு முன்னால் போய் நிற்கிறான்.

நூல் சிறிது, விலையும் சிறிது, அதைத் திறனாய ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். பெரும்புலவர் எழுதிய காவியத்தைக் கற்போர் சிலர். இந்தக் கையேட்டைக் கற்போரோ, அதைக் கொண்டே பிழைப்பைத் தேட வேண்டியவர்கள். ஆகவே இதைத்தான் முதலிலே திறனாய வேண்டுமென்று நாம் கருதுகிறோம்.

சொல்லுக்குச் சொல் கூட்டி வைக்கும் வேலை நமக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி என நிகண்டுகள் கண்டவர்கள் நாம். ஒரு பொருளுக்குப் பல சொல் கூறினர். ஒரு சொல்லுக்குப் பல பொருளும் கூறினர். அதற்கெனத் தனித் தொகுதியே வகுத்தனர். ஆனால் தேவர் பெயர்க்கும் மக்கள் பெயர்க்கும் தனித்தனித் தொகுதி வைத்த அப்புலவர்கள், எதிர்ச்சொல்லுக்கென ஒரு தொகுதி வகுக்கவில்லை. இங்கிலாந்திலே ரோஜெட் என்பார் 1852ஆம் ஆண்டு வெளியிட்ட சொற்கருவூலமோ, சொல்லையும் அதன் எதிரையும் பக்கம் பக்கமாக நிறுத்தி வைத்தது. ஒரு சொல்லின் குணம் அதன் உறவினரைக் கொண்டு பாதிதான் தெரியும். மீதிப் பாதி அதன் பகைவரைக் கேட்டால் தெரியும் அன்றோ! நம் கையேட்டு ஆசிரியர் ‘மட்டும்’ என்பதன் பகைவன் ‘பொது’ என்று எழுதினாரே, அது சரிதானா என்பதே கேள்வி.

‘மட்டும்’ என்பது என்ன? மட்டு என்றால் அளவு, எல்லை. கொத்தன் கையிலிருக்கும் மட்டப்பலகையிலே அந்த வேர் வாழ்கிறது. பழைய மொழிபெயர்ப்பு உரைநடையில் ‘இந்நாள்மட்டும்’ என்றால் ‘இன்று வரைக்கும்’ என்று பொருள். அதாவது, அச்சொல் முதலில் யாரையும் வெளியே தள்ளவில்லை. இதுவரை வந்தது என்று அளந்து காட்டியது, அவ்வளவே. அளப்பதற்கு வந்த சொல் பின்னர்க் கதவை அடைக்க வந்து நின்றது. ஆங்கிலத்து ‘ஒன்லி’யின் வரலாறோ வேறு; அது ‘ஒன்று’ என்பதிலிருந்து பிறந்தது. ஒருவன்தான் என்று தொடங்கியது அது. இவ்வளவு என்று தொடங்கியது இது. இரண்டையும் ஒன்றென எழுதிவிட்டுப் போகிறது கையேடு.

இதைக்காட்டிலும் நுட்பமான கருவி நம்மிடம் உண்டு. ஒற்றை எழுத்து, ஏகாரம். தொல்காப்பியர் அதற்குப் பிரிநிலை, வினா, எண், தேற்றம், ஈற்றசை என ஐந்து வேலை கொடுத்தார். கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து எடுத்து நிறுத்துவது பிரிநிலை. ‘அவரே வரட்டும்’ என்றால் மற்றவர் வர வேண்டா. ஒரு நெடில் ஓசையில் ஊரையே வெளியே நிறுத்திவிடலாம்! அதற்கு எதிர் எது? ‘பொது’ என்னும் பெயர்ச்சொல் அன்று. உம்மை! எட்டு வகை உம்மை சொன்ன தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றை முற்றும்மை என்றார். ஒருவரையும் விடாமல் முழுதும் தழுவுவது அது. எச்சவும்மையோ, ‘அவரும் வரட்டும்’ எனும்போது, முன்பே உள்ளே இருப்பவரை வெளியேற்றாமல் புதியவரை அழைத்துக் கொள்கிறது. ஏ என்றால் பிரிவு, உம் என்றால் சேர்வு. ‘நாமே’ என்பதற்கும் ‘நாமும்’ என்பதற்கும் இடையே கிடக்கும் தொலைவை எந்த ஆங்கில அகராதியிலும் ஒரு சொல்லால் காட்ட இயலாது. வேடிக்கை என்னவெனில், ‘மட்டும்’ என்னும் சொல்லின் ஈற்றிலேயே ஓர் உம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே தள்ளும் சொல்லின் வாலிலே தழுவும் உருபு!

சீர்திருத்த வரலாறு முழுவதையும் இந்த ஏகாரத்துக்கும் உம்மைக்கும் நடந்த வழக்கு என்றே எழுதிவிடலாம். தொடர்வண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள்’ என ஓர் இடம், ‘இதராள்’ என ஓர் இடம் இருந்த நாளை முதியோர் அறிவர். இதரர் என்றால் மற்றையோர். நாட்டிலே பெருந்தொகையினர் யாரோ, அவர்கள் ‘மற்றையோர்’! சிறுதொகையினர் யாரோ, அவர்களுக்குப் பெயர் உண்டு. எண்ணிக்கையிலே எல்லாமாக இருந்தவர்கள், சொல்லிலே மிச்சமாக இருந்தனர். தன்மான இயக்கத்தின் கிளர்ச்சிக்குப் பின் 1941ஆம் ஆண்டு அந்தப் பிரிவினை ஒழிந்தது. பின்னர் அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு, உணவு விடுதிக்குள் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்றது. ஆயினும் பெயர்ப் பலகைகள் நின்றன. 1957ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் நின்று மறியல் செய்து சிறை சென்றது, ஒரு சொல்லை அழிப்பதற்காக. ‘பிராமணாள்’ என்ற பலகையிலே ‘மட்டும்’ என்ற சொல் இல்லையே, உள்ளே எவரும் சென்று உண்ணலாமே, பிறகு ஏன் இந்த ஆத்திரம் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. இலக்கணம் அறியாத கேள்வி அது. ஒழியிசை என்று ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டதைச் சொன்னது உணர்த்தும். உயர்ந்தவன் இவன் என்று ஒரு பெயரை மட்டும் எழுதிவைத்தால், எழுதாத பெயர்கள் அனைத்தும் தாழ்ந்தவை என்பது பலகையின் பின்புறத்திலே தானே எழுதப்பட்டுவிடுகிறது.

திருப்பெரும்புதூரிலே நின்று இதைப் பேசும்போது இராமானுசரைப் பேசாமல் போக முடியுமா? 1017ஆம் ஆண்டு இவ்வூரிலே பிறந்தார் என்பர் வைணவர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரத்தை, எவர்க்கும் உரைக்கலாகாது என்ற கட்டளையை மீறி, கோயில் மேலேறி நின்று கூவி வழங்கினார் என்பது குருபரம்பரைக் கதை. கதையோ வரலாறோ, நாம் வழக்காட வரவில்லை. மந்திரத்தால் வீடுபேறு கிட்டும் என்பதிலும் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: ‘உனக்கே’ என்று கொடுக்கப்பட்ட ஒன்றை ‘எல்லார்க்கும்’ என்று மாற்றியதிலே. ஏகாரத்தை உம்மையாக்கினார், அதனாலேயே ஆயிரமாண்டு நினைக்கப்படுகிறார். அந்த உம்மையைப் புகழ்ந்து பாடியோர், கருவறை வாயிலில் மட்டும் ஏகாரத்தையே காவல் வைத்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1970ஆம் ஆண்டு கலைஞர் ஆட்சியில் அர்ச்சகர் பணியின் பரம்பரை உரிமையை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1972இல் உச்சநீதிமன்றம், பரம்பரை ஒழிந்தது சரி, ஆகமத்தை மீறலாகாது என்று ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொண்டது. 2006இல் மீண்டும் ஆணை, பயிற்சிப் பள்ளிகள், மீண்டும் வழக்குகள். 2021 ஆகஸ்டிலேதான் பயிற்சி பெற்ற பல சாதியார்க்கும் பணி ஆணை கைக்கு வந்தது. ‘அனைத்துச் சாதியினரும்’ என்ற தொடரின் அந்த ஒற்றை உம்முக்கு ஐம்பது ஆண்டு!

இனி லிமிடெட்டுக்கு வருவோம். ‘வரையறுக்கப்பட்ட’ என்கிறது கையேடு. எது வரையறுக்கப்பட்டது என்று சொல்லவில்லை. படிக்கும் பிள்ளைக்கும் கேட்கத் தோன்றாது. இங்கிலாந்திலே 1855இலும், இந்நாட்டிலே 1857இலும் சட்டமான ஏற்பாடு இது. நிறுமம் நொடித்துப் போனால், பங்குதாரர் தாம் போட்ட பணத்தளவுக்கே இழப்பர். அவர் வீட்டையும் நிலத்தையும் கடன்காரன் தொட முடியாது. வரையறுக்கப்பட்டது பொறுப்பு. இலாபத்துக்கு வரையறை இல்லை. அது வந்தவரை வரவு. முதல் போட்டவனின் இழப்புக்கு மட்டு உண்டு. கையைப் போட்டவனின் இழப்புக்கு? 2006இல் திருப்பெரும்புதூரிலே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரிலே அடைபட்டபோது, ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்டிரும் வெளியே வந்தனர். அவர்களுடைய இழப்புக்கு எந்தச் சட்டம் கோடு கிழித்தது? பலகையிலே ‘லிமிடெட்’ என்று இருந்தது. அது அவர்களைப் பற்றிய சொல் அன்று என்பது அன்று விளங்கியிருக்கும்.

எளிய மக்கள் இந்தச் சொல்லை எவ்வளவு அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள் என்பதை ஒரு வரி சொல்லிச் செல்வோம். அதே சாலையோர உணவு விடுதியிலே ‘அளவுச் சாப்பாடு’, ‘முழுச் சாப்பாடு’ என்று எழுதியிருக்கிறது. லிமிடெட்டுக்கு அளவு, எதிர்ச்சொல்லுக்கு முழு. பேராசிரியர் குழு கூடிச் செய்யவில்லை. இலை போடுகிறவர் செய்தார்.

‘வரையறை’யின் முதலசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வரை என்றால் மலை, மூங்கில், கோடு, எல்லை. வரைதல் என்றால் எழுதுதல்; விலக்குதல் என்றும் பொருள் உண்டு; மணத்தல் என்றும் பொருள் உண்டு. அகப்பொருள் இலக்கணத்திலே ‘வரைவு’ என்றாலே திருமணம். களவிலே திளைக்கும் தலைவனிடம், ‘இனித் தாமதியாதே, மணந்துகொள்’ என்று தோழி வற்புறுத்துவது வரைவு கடாதல். எல்லை கட்டுவதும் விலக்குவதும் மணப்பதும் ஒரே சொல்லுக்குள் உறங்கிக் கிடந்தன, ஈராயிரம் ஆண்டாக. அவை மூன்றும் ஒருசேரக் கண் விழித்த இடம் திருப்பெரும்புதூர் என்றால் நம்ப முடிகிறதா?

2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. இப்பகுதியிலே ஐபோன்களைப் பூட்டும் பாக்ஸ்கான் ஆலையின் வேலைக்கு, மணமான பெண்களை ஆள் சேர்ப்போர் தவிர்த்து வந்தனர் என்பது செய்தி. ‘மணமாகாத பெண்கள் மட்டும்’ என்று பொருள்படும் விளம்பரங்களை முகவர்கள் வெளியிட்டதையும் அது எடுத்துக்காட்டியது. சொல்லப்பட்ட காரணங்கள்: குடும்பப் பொறுப்பு, மகப்பேறு, விடுப்பு. மணமான பெண்கள் கழற்றத் தயங்கும் தாலியும் மெட்டியும் உலோகம், அவை உற்பத்திக்கு இடையூறாகலாம் என்பதும் ஒன்று. மணநிலையைக் காட்டி எவரையும் ஒதுக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. புதிதாகச் சேர்ந்தோரில் நாலில் ஒரு பங்கினர் மணமான பெண்கள் என்றும் அரசிடம் கூறியது. அன்று நடப்பிலிருந்த 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி, ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அவ்வாண்டு நவம்பரிலே, வயது, பால், மணநிலை பற்றிய வரிகளை விளம்பரத்தில் சேர்க்க வேண்டா என முகவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது.

வழக்கை நாம் தீர்க்கவில்லை, சொல்லைத்தான் பார்க்கிறோம். தாலி பெண்ணுக்கு விலங்கு என்று சொன்னபோது எத்தனை பேர் சீறினர்! தாலியில்லாத தன்மானத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று ஆக்குவதற்கு 1967இல் அண்ணா முதலமைச்சராக வர வேண்டியிருந்தது. அந்தத் தாலியை இப்போது வாயிற்காவலன் எடை போடுகிறான். அன்று தாலி கட்டாதவள் கற்புக்குறைந்தவள் என்றது சாத்திரம். இன்று தாலி கட்டியவள் உற்பத்தி குறைந்தவள் என்று கணக்குப்புத்தகம் நினைக்கத் தலைப்படுமானால், பெண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டு இடத்திலும் அளக்கப்படுவது அவள் கைத்திறன் அன்று.

‘பெண்கள் மட்டும்’ என்பதையெல்லாம் அழித்துவிட வேண்டுமா என்று உடனே ஒருவர் எழுந்து கேட்பார். இங்கேதான் கையேட்டின் பெரிய குறை இருக்கிறது. பேருந்தின் முன்னிருக்கைகளில் ‘பெண்கள்’ என்று எழுதியிருப்பதும் மட்டும்தான். வல்லம் வடகாலிலே 2024 ஆகஸ்டில் அரசு திறந்துவைத்த, 18,720 பேர் தங்கத்தக்க விடுதி, பெருமளவு பெண் தொழிலாளருக்கென எழுந்தது. அதுவும் மட்டும்தான். ஆனால் அந்த மட்டும் வேலி. மணமாகாதவர் மட்டும் என்பது மதில். பயிரை மேயவிடாமல் காப்பது வேலி. பசித்தவனை உள்ளே விடாமல் காப்பது மதில். ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம்; தமிழிலும் ஒன்றாக எழுதிவிட்டால் கற்கும் பிள்ளை எதை எதிர்ப்பான், எதைக் காப்பான்?

வேலிக்கும் மதிலுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மண் நன்கறியும். பழைய செங்கற்பட்டு மாவட்டம் இது. ‘ஏகபோகம்’ என்கிறோமே, முழு உரிமை ஒருவனுக்கே என்ற பொருளில், அது இப்பக்கத்து மிராசு நிலக்கணக்கிலே ஊரின் வகையொன்றாக எழுதப்பட்ட சொல். ஊர் முழுதும் ஒருவன் காணியாக இருந்தால் ஏகபோகக் கிராமம். தென்னிந்திய மொழிகள் வடமொழியின் பிள்ளைகளல்ல, தனிக்குடும்பம் என்று 1816இலேயே எழுதிய எல்லிஸ் துரைதான், மிராசு உரிமையைப் பற்றியும் விரிவாக எழுதினார். முன்னதற்காக அவரை நாம் வணங்குவோம். பின்னது மிராசுதாரர் கைக்கு வலுவான படைக்கலமாயிற்று என்பதை மறைக்க மாட்டோம். உழுதவனுக்கு அந்தக் காணியிலே பங்கில்லை. சேரியின் குடியிருப்பு மனைகூட மிராசுதாரன் தயவு. 1891இல் மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீர், செங்கற்பட்டுப் பறையர் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு அரசு ஆணை வந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் வழங்கப்பட்டது. முதல் பத்தாண்டு விற்கக்கூடாது; அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதையே. ஏகபோகமும் தனியுரிமை, பஞ்சமியும் தனியுரிமை. அகராதியிலே இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. மண்ணிலே ஒன்று ஒன்றை விழுங்கிற்று. நிபந்தனை எழுத்திலே நிற்க, நிலம் பிறர் கைக்கு மாறியது. அதை மீட்கப் போனவர்கள்மீது 1994இல் செங்கற்பட்டுப் பக்கத்துக் காரணை நிகழ்ச்சியையொட்டித் துப்பாக்கிச் சூடு நடந்தது, இருவர் மாண்டனர்.

‘புறம்போக்கு’ என்ற சொல்லையும் கையேட்டார் சேர்த்திருக்கலாம். தீர்வைக்கு வெளியே நிற்கும் நிலம். வரிக்கணக்கிலிருந்து விலக்கப்பட்டதாலேயே ஊரார் எல்லார்க்கும் உரியது: ஏரி, மேய்க்கால், களம், சுடுகாடு. சொல்லிலே விலக்கு, பயனிலே பொது! இத்துணை அரிய சொல்லை, கதியற்றவனை ஏசும் வசவாக்கிவிட்டோம். வசவான பிறகு அந்த நிலத்தைக் கேட்பாரில்லை. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இப்பகுதியில் தொழிற்பேட்டைகளை வளர்த்தது; வேலை வந்தது, வெளிச்சம் வந்தது, மறுக்கவில்லை; மானியமாகக் கிடைத்த கலப்பையைப் பிடித்துக் காலம் கழி என்று எவரையும் நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ‘வரம்பு’ என்ற சொல்லுக்கு வயலின் வரப்பு என்பது பொருளாய் இருந்த நாளில், அது எல்லையாகவும் இருந்தது, எல்லாரும் நடக்கும் வழியாகவும் இருந்தது. சுற்றுச்சுவர் மேல் யார் நடப்பார்? சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005இல் வந்தபோது இன்னும் ஒருபடி மேலே போனது. அம்மண்டலம் சுங்கக் கணக்குக்கு இந்திய எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படும் என்றது சட்டம். நேற்று நெல் விளைந்த வயல் இன்று கணக்கிலே அயல்நாடு. ‘சிறப்பு’ என்று மொழிபெயர்த்தோரை நாம் குறை சொல்லவில்லை. யாருக்குச் சிறப்பு என்று அடிக்குறிப்பு எழுதாததே குறை.

ரிசர்வ்டு என்பதற்கு ‘ஒதுக்கப்பட்ட’ என்று எழுதியதிலே நமக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. இக்குற்றம் கையேட்டார்க்கு மட்டும் உரியதன்று, நாடே செய்தது. ஒதுக்கு என்ற வினைக்கு இருமுகம்: ஒருவனுக்கென எடுத்து வைத்தல்; ஒருவனைத் தள்ளி வைத்தல். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வைத்தார்களே, அதுவும் ஒதுக்கல். கல்லூரியிலே இடம் தந்தார்களே, அதற்கும் ஒதுக்கீடு என்றே பெயர். 1921இல் நீதிக்கட்சி ஆட்சி ஆணையிட்டபோதும், 1928இல் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொணர்ந்தபோதும் நம்மவர் வழங்கிய பெயர் வகுப்புவாரி உரிமை. உரிமை! 1951இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றபோது தமிழகம் கிளர்ந்தெழுந்ததும், அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டதும், உரிமை என்ற சொல்லின் வலிமையாலே. பின்னாளில் அது ஒதுக்கீடாகச் சுருங்கிற்று. ஒதுக்கீடு என்றால், உடையவன் ஒருவன் இருக்கிறான், அவன் தன் பானையிலிருந்து ஒரு கவளம் எடுத்து ஓரமாக வைத்தான் என்று தோன்றும். பங்கீடு என்று சொல்லிப் பாருங்கள். பானையே பொது என்று தோன்றும். தனியார் ஆலைகளிலே வகுப்புரிமை இன்னும் நுழையவில்லை. அது நுழையும் நாளிலாவது நல்ல சொல்லோடு நுழையட்டும்.

எதிர்ச்சொல் வரிசையில் ‘உள்ளடக்கிய’ என்று ஒன்று இருந்ததே, அதற்கு வருவோம். ‘இன்க்ளூசிவ்’ என்பதன் தமிழாம். உள்ளடக்கிய வளர்ச்சி, உள்ளடக்கிய கல்வி என்று அரசு ஏடுகளிலும் காண்கிறோம். அடக்குதல் என்றால் கொள்ளுதல் என்பது ஒரு பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அடக்குமுறையை நாள்தோறும் கண்ட மக்களிடம் போய், உங்களை உள்ளே அடக்கப் போகிறோம் என்றால் மகிழ்வார்களா? ‘உட்பட’ என்றொரு சொல் இருக்கிறது. ‘நீங்கலாக’ அதன் நேர் எதிர். பத்திரம் எழுதுவோர் தலைமுறை தலைமுறையாக இவ்விரண்டையும் பிழையின்றிக் கையாள்கின்றனர். கிணறு உட்பட என்றால் கிணறு உண்டு. பனைமரம் நீங்கலாக என்றால் பனைமரம் இல்லை. பத்திர எழுத்தர் அறிந்த தமிழைப் பாடநூலார் ஏன் கேட்டறியவில்லை?

இறுதியாக, பெயரின் மீது கொண்ட தனியுரிமை. சுங்குவார்சத்திரத்தருகே சாம்சங் ஆலையின் தொழிலாளர் 2024இல் சங்கம் அமைத்தனர். சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்று பெயரிட்டுப் பதிவுக்கு மனுச் செய்தனர். பெயரிலே தன் பெயரைச் சேர்ப்பதை நிறுவனம் எதிர்த்தது. வணிகக் குறியீட்டுச் சட்டம் துணைக்கு அழைக்கப்பட்டது. செப்டம்பர் 9ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது; பந்தல் பிரிக்கப்பட்டது, பலர் கைதாயினர், அமைச்சர்கள் பேசினர், அக்டோபர் நடுவிலே தொழிலாளர் பணிக்குத் திரும்பினர். பதிவு வழக்கோ உயர்நீதிமன்றம் சென்றது. பதிவாளர் ஆறு வாரத்துக்குள் முடிவு செய்யட்டும் என்று டிசம்பரில் ஆணை வந்தது.

இந்த வழக்கிலே நாம் கண்ட சுவை இது. குளிர்பதனப் பெட்டியின் நெற்றியில் அப்பெயரை நாள்தோறும் பொருத்துகின்றவர் யார்? தொழிலாளர். தம் சட்டைப் பையிலே அப்பெயரைத் தைத்து நடப்பவர் யார்? தொழிலாளர். எங்கே வேலை என்று பெண் வீட்டார் கேட்டால் அப்பெயரைச் சொல்பவரும் அவரே. இத்தனை இடத்திலும் ‘நீயும் சுமக்கலாம்’ என்று உம்மையோடு வழங்கப்பட்ட பெயர், சங்கப் பலகையில் ஏறும்போது மட்டும் ‘எனக்கே’ என்று ஏகாரம் பெற்றது! பெயரைச் சுமப்பது பொது, பெயரைச் சொல்வது தனி. எக்ஸ்க்ளூசிவ் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வாக்கியம் எந்த அகராதிக்காரருக்கும் கிடைக்காது. அது அந்தக் கையேடு விற்கும் கடையிலிருந்து கூப்பிடு தொலைவில் நடந்தும் அதில் இடம்பெறவில்லை.

2025 சனவரி 27ஆம் நாள் அச்சங்கம் பதிவாயிற்று. பெயர் மாற்றப்படவில்லை, ‘சாம்சங்’ முதலிலும் ‘தொழிலாளர்’ பின்னுமாக, இரண்டும் ஒரே வரியில் பதிவேட்டில் இருக்கின்றன.